விமானத்தின் மூளையைப் பழுது பார்த்த கைக்கு வாட்ச்மேன் தடிதானா?

சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம், கோவை வட்டாரத்தில் அதைப்போல எத்தனையோ ஆலைகள். அந்த ஆலையின் கேட்டில் ராத்திரி ஷிப்டுக்கு நிற்கிறவரை எல்லோரும் ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்தாறு. பூட்ஸ் பளபளக்கும். நெஞ்சு நிமிர்ந்திருக்கும். கையில் ஒரு தடி, ஒரு டார்ச் லைட், லாரி வந்துபோகும் நேரம் எழுதும் நோட்டு. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி அந்த ஆலையில் ஆட்டோகோனர் மிஷின் நின்றுவிட்டது. “கார்டு போய்விட்டது, கம்பெனி என்ஜினீயர் வந்தால்தான் ஆகும்” என்று கையை விரித்துவிட்டார்கள். பெட்டி திறந்து கிடந்தது. ரோந்து வந்த வாட்ச்மேன் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். “கார்டு போகலீங்க. பவர் சப்ளையிலே அந்தக் கண்டென்சர் வீங்கியிருக்குது பாருங்க. அதை மாத்தினா ஓடும்” என்றார். சூப்பர்வைசர் சொன்ன பதில்: “மிலிட்டரி, நீங்க கேட்டைப் பாருங்க.”

இரண்டு நாள் கழித்து என்ஜினீயர் வந்தார். அதே கண்டென்சரை மாற்றினார். பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு வேலையில்லை, கூலியும் இல்லை.

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர்கள் கூலி இழந்த அந்தத் தொழிலாளர்கள்தான். பிறகு அவரையே பார்த்துப் பேசினோம். திருவாரூர்ப் பக்கத்து விவசாயக் கூலியின் மகன். பிளஸ் டூ முடித்து 1998-ல் விமானப் படையில் சேர்ந்தார். இருபது வருஷம் ராடார் பிட்டர். மிக்-21 போர் விமானத்திலும் வேலை பார்த்தவர். 2018-ல் வெளியே வந்தார். வேலை தேடி ஏறாத படியில்லை. கடைசியில் இந்தக் கேட்.

“தோழரே, அங்கே நான் கையெழுத்துப் போட்டாத்தான் பைலட் விமானத்திலே ஏறுவார். இங்கே நான் லாரி டிரைவர்கிட்டே கையெழுத்து வாங்குறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்ச்மேன் வேலை இழிவு என்று நாம் சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் இழிவல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. ஏழைக் கூலியின் மகனுக்கு மக்கள் பணத்தில் கற்றுக்கொடுத்த அருமையான தொழில், அவன் உடுப்பைக் கழற்றிய மறுநாளே செல்லாக் காசாவது எப்படி? செல்லாக் காசாக்கியது யார்? இதனால் லாபம் யாருக்கு?

அவர் செய்த வேலை என்ன?

போர் விமானம் என்றால் இன்ஜினும் இறக்கையும் குண்டும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதற்குக் கண் உண்டு, அதுதான் ராடார். காதும் வாயும் உண்டு, அவைதான் ரேடியோ. திசை சொல்லும் கருவிகள் உண்டு. எதிரே வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் கருவி உண்டு. விமானி கையை எடுத்தாலும் விமானத்தைச் சமன் குலையாமல் நடத்தும் கருவி உண்டு. இவை அத்தனையும் பெட்டி பெட்டியாக, கட்டுக் கட்டான ஒயர்களால் இணைக்கப்பட்டு விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கின்றன.

இந்தப் பெட்டிகளைச் சோதிப்பது, கெட்டதைக் கழற்றுவது, மேஜையில் வைத்து எந்த இடத்தில் கோளாறு என்று அளந்து கண்டுபிடிப்பது, சால்டரிங் வைப்பது, திரும்பவும் சோதிப்பது, விமானத்தில் பொருத்துவது, கடைசியில் ‘இது பறக்கத் தகுந்தது’ என்று ஏட்டில் கையெழுத்துப் போடுவது — இதுதான் அந்த பிட்டரின் தொழில். வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியில் ஸ்குரூ டிரைவர் ஒன்று குறைந்தால்கூட விமானம் கிளம்பாது. அதைத் தேடி எடுத்த பிறகுதான் மற்றது. ராஜஸ்தான் வெயிலிலும் காஷ்மீர்க் குளிரிலும், நடு ராத்திரியிலும் இதைச் செய்ய வேண்டும். தவறு நேர்ந்தால் ஓர் உயிர் போகும்.

இந்தத் தொழிலை அவர் கற்றது எங்கே? பெங்களூரு ஜாலஹள்ளியில் விமானப் படையின் மின்னணுப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. செலவு யாருடையது? நீங்கள் வாங்கும் தீப்பெட்டியிலிருந்து சோப்பு வரை கட்டுகிற வரிப் பணம்தான்.

இப்போது சொல்லுங்கள்: இந்தத் தொழிலுக்குச் சிவில் வாழ்க்கையில் வேலை இல்லையா? விமான நிலையங்களில் ராடாரும் ரேடியோவும் ஓடுகின்றன. மெட்ரோ ரயிலின் சிக்னல், செல்போன் கோபுரம், பல்லடத்திலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலை, சர்க்கார் ஆஸ்பத்திரியில் பழுதாகிக் கிடக்கும் ஸ்கேன் மிஷின், உங்கள் ஆலையில் நூலின் தடிமனைப் பார்த்து வெட்டுகிற மின்னணுக் கருவி — எல்லாவற்றிலும் இருப்பது அதே மின்சாரம், அதே சர்க்யூட். எலக்ட்ரானுக்கு ராணுவ உடுப்பு, சிவில் உடுப்பு என்ற வேற்றுமை தெரியாது. அது தெரிந்தது சர்க்கார் பைல்களுக்குத்தான்!

ஒரே சர்க்கார், இரண்டு வாசல்

பயணிகள் விமானத்தைப் பழுது பார்த்துச் சான்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம். விமான மின்னணுவுக்கான லைசென்ஸுக்கு ‘பி-2’ என்று பெயர். கணிதம், பௌதிகம், மின்சார அடிப்படை, மின்னணு அடிப்படை, டிஜிட்டல் முறை, பராமரிப்பு முறை, சட்டம் என்று வரிசையாகப் பரீட்சைகள் எழுத வேண்டும். அத்துடன் வருஷக் கணக்கில் வேலை அனுபவம் காட்ட வேண்டும். அதற்கு மேல், எந்த ரக விமானத்தில் கையெழுத்துப் போடுகிறாரோ அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

படையில் இருபது வருஷம் உழைத்தவர் அந்த வாசலில் போய் நிற்கிறார். என்ன சொல்கிறார்கள்? “நீர் பார்த்தது ராணுவ விமானம். சிவில் அனுபவம் கொண்டு வாரும்.” சரியென்று சிவில் விமானப் பழுதுபார்ப்புக் கம்பெனி வாசலுக்குப் போகிறார். “லைசென்ஸ் இருக்கிறதா? இல்லையா? வயதும் நாற்பதாகிறதே!” லைசென்ஸ் வாங்க அனுபவம் வேண்டும், அனுபவம் பெற வேலை வேண்டும், வேலை பெற லைசென்ஸ் வேண்டும். செக்கு மாடு சுற்றுவதுபோல் சுற்ற வேண்டியதுதான்.

விமான நிலையத்தில் ராடாரையும் ரேடியோவையும் பராமரிக்கும் ஜூனியர் எக்ஸிக்யூடிவ் உத்தியோகத்துக்குப் போனால், “என்ஜினீயரிங் பட்டம் எங்கே?” என்று கேட்கிறார்கள். இருபது வருஷம் ராடாரின் குடலை உருவிப் பார்த்தவரிடம், கல்லூரியில் ராடார் படம் வரைந்த தாள் எங்கே என்று கேட்பது போலிருக்கிறது இது.

படையில் பயிற்றுவித்தவன் யார்? இந்திய சர்க்கார். “அந்தப் பயிற்சி போதாது” என்று சொல்பவன் யார்? அதே இந்திய சர்க்கார். ராணுவ மந்திரி ஒரு கட்டிடத்தில், சிவில் விமான மந்திரி இன்னொரு கட்டிடத்தில். இரண்டும் டில்லியில்தான். இந்தக் கட்டிடத்துக் காகிதம் அந்தக் கட்டிடத்தில் செல்லவில்லை என்றால், அதற்குத் தொழிலாளி மகனா பழி?

ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுவோம். “பயணிகள் விமானம் விளையாட்டா? நூற்றைம்பது பேர் உயிரல்லவா? பரீட்சையைத் தளர்த்த முடியுமா?” என்று சிலர் கேட்கிறார்கள். பரீட்சையைத் தளர்த்து என்று நாம் கேட்கவேயில்லை. சிவில் விமானத்தின் சட்டம் வேறு, ஏடு வேறு, ரகம் வேறு என்பது உண்மை. அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். நாம் கேட்பது: அந்தப் பரீட்சையைப் படையில் இருக்கும்போதே, சர்க்கார் செலவில், ஏன் எழுத வைக்கவில்லை? கடைசி வருஷத்தில் சிவில் விமானப் பட்டறைக்கு அனுப்பி அந்த அனுபவத்தை ஏன் தேடிக் கொடுக்கவில்லை? உள்ளே இருக்கும்போது கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், வெளியே தள்ளிய பிறகு ‘எங்கே?’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்கா சோஷலிச நாடல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளித்துவத்தின் தலைமைக் கோட்டை அது. அங்கேகூட, படையில் விமானத்தின் உடலிலும் இன்ஜினிலும் 30 மாதம் வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டினால் சிவில் மெக்கானிக் பரீட்சைக்கு உட்கார விடுகிறார்கள். பரீட்சை உண்டு, ஆனால் வாசல் திறந்திருக்கிறது. இங்கே இருபது வருஷம் ஆனாலும் வாசலில் பூட்டு!

ஒதுக்கீடு எங்கே போயிற்று?

“மாஜி ராணுவத்தினருக்கு வேலையில் ஒதுக்கீடு இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது, காகிதத்தில். மத்திய சர்க்கார் இலாகாக்களில் ‘சி’ பிரிவு வேலைகளில் நூற்றுக்கு 10. மத்தியப் பொதுத்துறைகளில் நூற்றுக்கு 14.5. கேட்கக் காது குளிர்கிறது.

நடப்பென்ன? ராணுவ மந்திரி இலாகாவின் கீழுள்ள மறுவாழ்வு டைரக்டரேட்டின் கணக்கையே பாருங்கள். 2021 ஜூன் 30 நிலவரம் அது. மத்திய இலாகாக்கள் 77-ல் கணக்குக் கொடுத்தவை 34. அந்த 34 இலாகாக்களில் ‘சி’ பிரிவு ஊழியர் 10,84,705 பேர். இவர்களில் மாஜி ராணுவத்தினர் 13,976 பேர். அதாவது நூற்றுக்கு 1.29! பத்து என்று சட்டம். ஒன்றேகால் என்று நடப்பு. மீதி 43 இலாகாக்கள் கணக்கே கொடுக்கவில்லை. தீபாவளிக்கு எல்லைக்குப் போய் ஜவானுக்கு மிட்டாய் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்பவர்கள், இந்த எட்டே முக்காலை யார் வாயில் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

இருக்கிற பொதுத்துறையும் கரைகிறது. 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவை டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். ஒதுக்கீட்டு விதி பொதுத்துறையைக் கட்டும். தனி முதலாளியைக் கட்டாது. ஆகவே ஒரு பொதுத்துறை விற்கப்படும்போது போவது கட்டிடமும் விமானமும் மட்டுமல்ல. படையிலிருந்து வருகிற தொழிலாளி நுழையக்கூடிய வாசலும் சேர்ந்தே விற்கப்படுகிறது.

சரி, அந்த மறுவாழ்வு அலுவலகம் என்ன செய்கிறது? படையிலிருந்து ஓய்வு பெறுவோருக்குச் சில வாரமோ சில மாதமோ பயிற்சி வகுப்பு நடத்துகிறது. காவல் ஏஜென்சிகளைப் பதிவு செய்து, பொதுத்துறை ஸ்தாபனங்களுக்குக் காவல் ஆட்களை அனுப்ப ஏற்பாடு செய்கிறது. மாநிலத்திலும் இதே கதைதான். 1986 முதல் இங்கே டெக்ஸ்கோ என்ற சர்க்கார் கார்ப்பரேஷன் இருக்கிறது. அது மாஜி ராணுவத்தினரைப் பெரும்பாலும் காவல் வேலைக்குத்தான் அனுப்புகிறது. எந்தக் கட்சி கோட்டையில் உட்கார்ந்தாலும் இந்த வழக்கம் மாறவில்லை. பீரங்கி பிட்டராக இருந்தாலும் சரி, ராடார் பிட்டராக இருந்தாலும் சரி, சர்க்கார் கண்ணுக்கு அவன் ஒரு தடி பிடிக்கும் கை!

“பென்ஷன்தான் வருகிறதே!”

இதுதான் முதலாளிகளின் செல்ல வாதம். வேலை கேட்டுப் போகிறவரிடம், “உனக்குத்தான் பென்ஷன் வருகிறதே, இந்தச் சம்பளம் போதாதா?” என்கிறார்கள். நம் ‘மிலிட்டரி’யிடமும் அப்படித்தான் பேசினார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, சம்பளம் அரைவயிற்றுக்கு.

இதன் உள்ளர்த்தத்தைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் என்பது அவர் முன்பு உழைத்த உழைப்பின் பாக்கி. இன்று உழைக்கிற உழைப்புக்கு இன்றைய முதலாளி முழுக்கூலி தர வேண்டும். அதில் பாதியைத் தராமல், ‘மீதியை சர்க்கார் பென்ஷனில் எடுத்துக்கொள்’ என்றால் என்ன பொருள்? மக்கள் வரிப் பணத்திலிருந்து முதலாளி தன் கூலிக் கணக்கைச் சரிக்கட்டுகிறான் என்று பொருள். பென்ஷன் வாங்குவது ஜவான். அதன் பலனில் பங்கு வாங்குவது முதலாளி.

இது அவரோடு முடிகிற விஷயமா? இல்லை. பென்ஷன் இருப்பவன் பாதிக் கூலிக்கு வந்தால், பென்ஷன் இல்லாத உங்களையும் அந்தப் பாதிக் கூலிக்கே இழுப்பான். தொழில் தெரிந்தவனை வாட்ச்மேனாக வைத்திருக்கிற அதே முதலாளிகள் மேடையேறி, “நாட்டில் திறமையான ஆளே கிடைப்பதில்லை” என்று அழுகிறார்கள். ஆள் கேட்டிலேயே நிற்கிறார், ஐயா! நீங்கள் காரில் உள்ளே போகும்போது சல்யூட் அடிக்கிறாரே, அவர்தான்!

நாலு வருஷச் சிப்பாய்

பழைய முறையில் இருந்த கொஞ்ச நஞ்சமும் புதிய முறையில் போயிற்று. 2022 ஜூன் 14-ல் அக்னிபாத் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நாலு வருஷம் வேலை. நாலாவது வருஷ முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொள்வார்கள். மற்ற 75 பேர் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது.

போகும்போது 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் தருவார்கள் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். கணக்கை அவிழ்ப்போம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 21,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். இப்படி நாலு வருஷம் பிடித்தது 5 லட்சத்து 2 ஆயிரம். அதே அளவு சர்க்கார் போடுகிறது. மிச்சம் வட்டி. அதாவது, ‘சேவா நிதி’ என்ற பெயரில் ஆரத்தி எடுத்துக் கொடுக்கிற தொகையில் ஏறக்குறையப் பாதி அவன் கூலியில் பிடித்த பணம்! நம் ஊரில் இதற்கு வெகுமதி என்று பெயரில்லை. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று பெயர்.

பணத்தை விடுங்கள். தொழிலைப் பாருங்கள். ராடார் பெட்டியைத் தனியாகத் திறந்து கோளாறு கண்டுபிடிக்கும் அளவுக்குக் கை பழக எத்தனை வருஷம் ஆகும்? ரிங் பிரேமில் கை பழக எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கை பழகிவரும் நேரத்தில் ‘போய் வா’ என்றால், படைக்கும் நஷ்டம், பையனுக்கும் நஷ்டம். இருபது வருஷ அனுபவத்தையே மதிக்காத சிவில் வாசல், நாலு வருஷத்தை மதிக்குமா?

திட்டம் வந்ததும் வடநாடெங்கும் இளைஞர்கள் கொந்தளித்தார்கள். செகந்திராபாத் ரயில் நிலையத்தில் 2022 ஜூன் 17-ல் போலீஸ் சுட்டு ஒரு வாலிபன் மாண்டான். நெருப்பை அணைக்க ஓடி வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? துணைப் போலீஸ் படைகளில் நூற்றுக்கு 10 ஒதுக்குகிறோம் என்றார்கள். பாரதிய ஜனதாவின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்த கைலாஷ் விஜயவர்கியா, தம் கட்சி ஆபீசுக்குக் காவல் ஆள் வைப்பதென்றால் அக்னிவீரனுக்கே முதலிடம் தருவேன் என்று சொன்னார். ஊரே கைகொட்டிய பிறகு, ‘என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்’ என்றார். திரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? உள்ளத்தில் இருந்தது உதட்டில் வந்தது. அவ்வளவுதான்.

மகிந்திரா கம்பெனியின் தலைவர் ஆனந்த் மகிந்திரா, அக்னிவீரர்களை வேலைக்கு எடுக்கும் வாய்ப்பை வரவேற்கிறோம் என்று அறிவித்தார். உடனே ஒரு கேள்வி எழுந்தது. ‘இதற்காக ஏன் காத்திருக்க வேண்டும்? வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் படையிலிருந்து வெளிவருகிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு இதுவரை வேலை கொடுத்தீர்கள்? கணக்குச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி. கேட்டவர் செங்கொடிக்காரர் அல்ல; கடற்படையின் மாஜி தலைவர் அட்மிரல் அருண் பிரகாஷ்!

விமானப் படையில் இத்திட்டத்தின் முதல் அணி 2022 டிசம்பரில் பயிற்சிக்குச் சேர்ந்தது. நாலு வருஷக் கணக்கு 2026 இறுதியோடு நிறைகிறது. நம் கிராமத்துக் கூலி வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் உண்டு. இருபதுகளிலேயே ‘மாஜி’ ஆகும் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்பது வயற்காட்டில் நிற்கிற தாய் தந்தையரின் கேள்வி.

மிஷினுக்கு மரியாதை, மனிதனுக்கு?

2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் ஒரு விழா நடந்தது. 1963-ல் படையில் சேர்ந்த மிக்-21 விமானத்துக்கு விடைகொடுக்கும் விழா. ராணுவ மந்திரி வந்திருந்தார். பாண்டு வாத்தியம், அணிவகுப்பு, உருக்கமான சொற்பொழிவு. அறுபத்திரண்டு வருஷம் பறந்த மிஷினுக்கு மரியாதை செய்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அந்த மிஷின் தானாகவா அறுபத்திரண்டு வருஷம் பறந்தது? நட்டு நட்டாக, ஒயர் ஒயராக அதைப் பார்த்துப் பார்த்துப் பறக்க வைத்த ஆயிரமாயிரம் கைகள் இன்று எங்கே? சூலூர்ப் பக்கத்துக் கேட்டில் ஒரு ஜோடிக் கை தடி பிடித்து நிற்கிறது. மேலே விமானம் இரைந்துகொண்டு போனால், நிமிர்ந்து பார்க்காமலே என்ன விமானம் என்று சொல்கிறார். விழா மேடையிலிருந்து யாரும் அவரை நினைக்கவில்லை.

1946 சொல்லும் பாடம்

“இது ராணுவ விஷயம். தொழிலாளிக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் சரித்திரத்தைப் புரட்டட்டும்.

1946 ஜனவரியில் கராச்சி டிரிக் ரோடு தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் சாதாரணச் சிப்பந்திகளே வேலைநிறுத்தம் செய்தார்கள். யுத்தம் முடிந்தும் ஊருக்கு அனுப்பவில்லை. ஊரில் உள்ள வேலைகளோ மற்றவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் குமுறல். அந்தத் தீ இந்தியாவின் பல தளங்களுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பரவியது.

அடுத்த மாதம், பிப்ரவரி 18-ல், பம்பாயில் ‘தல்வார்’ என்ற கடற்படைப் பள்ளியில் இந்திய மாலுமிகள் எழுந்தார்கள். அது என்ன பள்ளி தெரியுமா? கம்பியில்லாத் தந்தியும் சிக்னலும் கற்றுக்கொடுக்கும் பள்ளி! வேலைநிறுத்தக் கமிட்டியின் தலைவர் எம். எஸ். கான் சிக்னல்காரர், உபதலைவர் மதன் சிங் தந்திக்காரர். கெட்டுப்போன சோறு, வெள்ளை அதிகாரியின் வசவு ஆகியவற்றுக்கு எதிரான கோரிக்கைகளோடு இன்னொரு கோரிக்கையும் அவர்கள் பட்டியலில் இருந்தது: படையிலிருந்து விடுவிக்கிறவர்களுக்கு அமைதிக் காலத்தில் தக்க வேலை வேண்டும் என்பது. இன்று சூலூர்க் கேட்டில் நிற்பவரின் கேள்வியை அன்றே அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அப்போது பம்பாய் மில் தொழிலாளி என்ன செய்தான்? “ராணுவ விஷயம், நமக்கென்ன” என்று ஸ்பிண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தானா? இல்லை. பிப்ரவரி 22-ல் மில்கள் நின்றன. லட்சக் கணக்கான தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிக்னல்காரனும் நூற்பாலைத் தொழிலாளியும் ஒரே வர்க்கத்துப் பிள்ளைகள் என்பதை ரத்தத்தால் எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆகவே, தோழர்களே, கேட்டில் நிற்கிற ‘மிலிட்டரி’யை முதலாளியின் ஆள் என்று எண்ணாதீர்கள். வேலைநிறுத்த நாளில் உங்களைத் தடுக்க அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியை நிறுத்துவது முதலாளியின் பழைய வித்தை. அவரோடு பேசுங்கள். அவர் கோரிக்கையை உங்கள் கோரிக்கையோடு சேருங்கள்.

என்ன வேண்டும்?

நாம் கேட்பது தர்மமல்ல, கணக்கு. மக்கள் பணத்தில் வளர்த்த திறமை மக்களுக்கே பயன்பட வேண்டும் என்ற கணக்கு.

ஒன்று: விமானப் படைத் தொழில் சிப்பந்திகள் வேலையில் இருக்கும்போதே சிவில் லைசென்ஸ் பரீட்சைகளை சர்க்கார் செலவில் எழுத ஏற்பாடு வேண்டும். அதற்குப் படைத்தளங்களிலேயே வகுப்பும் தேர்வு மையமும் வேண்டும்.

இரண்டு: கடைசி ஒரு வருஷம் முழுச் சம்பளத்தோடு சிவில் விமானப் பட்டறைக்கோ, ஆஸ்பத்திரிக் கருவி, மெட்ரோ, மின்வாரியம் போன்ற தொழிலுக்கோ அனுப்ப வேண்டும். எந்தத் தொழில் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

மூன்று: விமான நிலையம் உள்ளிட்ட பொதுத்துறைகளின் மின்னணு வேலைகளில் படைப் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் உரிய சமதகுதி அளிக்க வேண்டும். தொழில் தெரிந்தவருக்குத் தொழில் வேலை. காவல் வேலை மட்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்கு: ஒதுக்கீட்டு இடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு இலாகாவும் பொதுத்துறையும் வருஷா வருஷம் கணக்கை வெளியிட வேண்டும். கணக்குக் கொடுக்காத இலாகாவின் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்து: நாலு வருஷத் திட்டத்தைக் கைவிட்டு நிரந்தர வேலை முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் ஒருவரையும் வேலையில்லாமல் தெருவில் விடக் கூடாது.

ஆறு: பென்ஷனைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது. காவல் தொழிலாளிக்கும் எட்டு மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி, சட்டப்படியான எல்லா உரிமைகளும் வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட நடக்க முடியாததல்ல. இதற்காக சர்க்கார் வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டிடத்துக் காகிதம் அந்தக் கட்டிடத்தில் செல்லும்படி செய்தாலே பாதி வேலை முடிந்தது. செய்யாமலிருப்பதற்குக் காரணம் முடியாமை அல்ல, மனமில்லாமை. மலிவான கை கேட்டில் நிற்பது முதலாளிக்கு வசதி. முதலாளிக்கு வசதியானது சர்க்காருக்கும் வசதி.

அந்த ஆலையில் இன்னும் ஆட்டோகோனர் ஓடுகிறது. இன்னொரு ராத்திரி அது நிற்கும். அன்றைக்கும் சூப்பர்வைசர், “மிலிட்டரி, நீங்க கேட்டைப் பாருங்க” என்றுதான் சொல்லக்கூடும். ஆனால் அன்றைக்குத் தொழிலாளர்கள் சும்மா நிற்கக் கூடாது. “அவரை உள்ளே கூப்பிடுங்கள். அவருக்குத் தொழில் தெரியும். அந்தத் தொழிலுக்குரிய வேலையையும் கூலியையும் கொடுங்கள்” என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

அந்தக் குரல் ஆலை கேட்டிலிருந்து கிளம்பட்டும். டில்லி வரை கேட்கட்டும்!